மூச்சை எண்ணுகிறவள்

நாங்கள் அந்த வீட்டைப் பார்க்கப் போனது ஒரு நடுப்பகலில். நான்கு மாடிக் கட்டடம். வயது எழுபதுக்குக் குறையாது. லிஃப்ட் கிடையாது. நான் லிஃப்ட் மெக்கானிக். தினமும் நான்கு மாடி நான் ஏறி இறங்கப்போவதை நினைத்து என் மனைவி படிக்கட்டு முழுக்கச் சிரித்துக்கொண்டே வந்தாள்.

"ஊருக்கெல்லாம் லிஃப்ட் மாட்டுறவரு, சொந்த வீட்டுக்கு மூச்சு வாங்கிக்கிட்டுப் போறாரு."

அந்த வீடு அவளுக்குப் பிடித்துப்போனதற்குக் காரணம் ஓர் அறை. பின்பக்க அறை. அதன் ஜன்னலைத் திறந்தால் அடுத்த கட்டடத்தின் சுவர்தான் தெரியும். கதவைச் சாத்திவிட்டால் பட்டப்பகலிலும் நீட்டிய கை தெரியாது. வேறு யாராக இருந்தாலும் முகத்தைச் சுளித்திருப்பார்கள். அவள் உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டு இரண்டு நிமிடம் வெளியே வரவில்லை. வந்தபோது கண் கலங்கியிருந்தது.

"இங்க நான் தூங்கிடுவேன்," என்றாள்.

அவள் ஆம்புலன்ஸ் அழைப்பு மையத்தில் வேலை பார்த்தாள். இரவு பத்து மணியிலிருந்து காலை ஆறு வரை காதில் ஹெட்போன். யாரோ ஒருவர் வீட்டில் யாரோ விழுந்து கிடப்பார்கள். அழுகிறவர்களை அதட்டி, விலாசம் வாங்கி, வண்டி வந்து சேரும்வரை பேசிக்கொண்டே இருக்க வேண்டும். நைட் ஷிஃப்டுக்கு மாறிய மூன்று வருடத்தில் பகல் தூக்கம் அவளை விட்டுப் போய்விட்டது. கடைசியில் ஒரு டாக்டர் தூக்க மாத்திரை எழுதிக்கொடுத்தார். நாளுக்கு ஒன்று, அதற்கு மேல் கூடாது. இந்த விஷயம் அவளுக்கும் எனக்கும் டாக்டருக்கும் மட்டும்தான் தெரியும்.

"ஆபீஸ்ல தெரிஞ்சா சீட்ல உக்கார விடமாட்டாங்க. யார்கிட்டயும் மூச்சு விட்டுடாதீங்க," என்று சொல்லியிருந்தாள். நானும் விடவில்லை.

குடிவந்து மூன்றாவது வாரம், என் விடுமுறை நாளில், அந்த அறைக் கதவுக்கு வெளியே உட்கார்ந்து சட்டைக்குப் பொத்தான் தைத்துக்கொண்டிருந்தேன். உள்ளே பேச்சுக்குரல் கேட்டது.

"பதினொண்ணு... பன்னெண்டு... பதிமூணு... பதினாலு."

கொஞ்ச நேரம் சத்தமில்லை. மறுபடி ஒன்றிலிருந்து ஆரம்பித்தது. தாழ்ந்த பெண் குரல். அவசரம் இல்லாத, பழகிப்போன எண்ணிக்கை.

எனக்குச் சிரிப்புதான் வந்தது. போன் செய்கிறவர்களிடம் நோயாளியின் மூச்சை எண்ணச் சொல்வது அவள் வேலையில் பாதி. சாயங்காலம் எழுந்ததும் கேட்டேன். "தூக்கத்துலயும் ஓவர்டைமா?" அவளும் சிரித்தாள். தான் அப்படிப் பேசியது அவளுக்கு நினைவில்லை. ஒன்றை மட்டும் சொன்னாள்.

"இந்த ரூம்ல படுத்தா தனியா இருக்கற மாதிரியே இல்லங்க. யாரோ காவலுக்கு இருக்கற மாதிரி நிம்மதியா இருக்கு."

அதை நல்ல சேதி என்றே எடுத்துக்கொண்டேன்.

மழைக்காலம் வந்தது. அவளுக்குச் சளி பிடித்தது. சாதாரணச் சளிதான். மூக்கு அடைப்பு, இருமல், உடம்பு வலி. லீவு போடச் சொன்னேன். ஆள் இல்லை என்றாள். தெருமுனை மருந்துக்கடையில் போய் சளிக்கு ஒரு சிரப் கேட்டேன். கடையில் இருந்த மருந்தாளர் அம்மா கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு கேட்டார்.

"யாருக்கு?"

"வீட்ல. அவங்களுக்கு."

"அவங்க வேற எதாவது மாத்திரை சாப்பிடுறாங்களா? பிரஷர், சுகர், தூக்கத்துக்கு, அந்த மாதிரி?"

எனக்குப் பின்னால் இரண்டு பேர் நின்றிருந்தார்கள். ஒருவர் எங்கள் கட்டடத்துக்காரர்.

"இல்ல," என்றேன்.

அந்த ஒரு சொல்லை அன்றைக்கு எவ்வளவு சுலபமாகச் சொன்னேன் என்று இன்றைக்கும் நினைத்துப் பார்ப்பதுண்டு.

முதல் நாள் மாத்திரையும் சிரப்பும் சாப்பிட்டுவிட்டுத் தூங்கினாள். சாயங்காலம் எழுந்தபோது பேச்சு இழுத்தது. "நாக்கு கனமா இருக்குங்க," என்றாள். சளி என்றால் அப்படித்தான் என்றேன். இரண்டாம் நாள் எழுந்து பாத்ரூம் போகும்போது சுவரைப் பிடித்துக்கொண்டு நடந்தாள். தொண்டையும் கட்டிக்கொண்டது. அன்றைக்குத்தான் லீவு சொன்னாள். அதையும் மெசேஜில்தான் சொல்ல முடிந்தது.

மூன்றாம் நாள் நானும் லீவு போட்டேன். வெளியே மழை. இருமலில் இரவெல்லாம் அவள் கண் மூடவில்லை. காலை எட்டு மணிக்கு மாத்திரையைப் போட்டுக்கொண்டு படுத்தாள். அப்போதும் இருமல் விடவில்லை. ஒன்பதரைக்கு நான் சிரப் பாட்டிலை எடுத்துக்கொண்டு போனேன்.

"இப்பதானே குடிச்சேன்?" என்று வாயசைத்தாள்.

"இல்ல, இன்னும் குடிக்கல."

அது எனக்கு நிச்சயமாகத் தெரியாது. அவள் தூங்கினால் போதும் என்றிருந்தது. மூடியின் விளிம்புவரை ஊற்றிக் கொடுத்தேன். அவளும் குழந்தை மாதிரிக் குடித்துவிட்டுப் படுத்தாள். அதற்கப்புறம், தூக்கம் வராத எரிச்சலில், இன்னொரு தூக்க மாத்திரையையும் அவளே போட்டிருக்கிறாள். தலையணைக்கு அடியில் காலியான அட்டை கிடந்ததைப் பிறகுதான் பார்த்தேன்.

பதினொரு மணிக்கு இருமல் நின்றது.

எனக்கு நிம்மதியாக இருந்தது. கூடத்தில் கால் நீட்டி உட்கார்ந்து செய்தித்தாளைப் பிரித்தேன். மழைச் சத்தத்தைத் தவிர வீட்டில் வேறு சத்தமில்லை.

கொஞ்ச நேரத்தில் அறைக்குள்ளிருந்து எண்ணும் குரல் வந்தது.

"ஒண்ணு."

நான் ஒரு வரி படித்து முடித்தேன்.

"ரெண்டு."

இன்னொரு வரி.

"மூணு."

எண்ணிக்கை ஒன்பதோடு நின்றது. மறுபடி ஒன்றிலிருந்து தொடங்கியது. வழக்கமாகப் பதினாலு வரை போகுமே என்று சும்மா ஒரு நினைப்பு. அடுத்த முறை எட்டோடு நின்றது. செய்தித்தாளைப் புரட்டினேன். ஒரு பக்கம் புரட்டியிருப்பேன். கை அப்படியே நின்றுவிட்டது.

அவளுக்குத் தொண்டை கட்டியிருக்கிறது.

நேற்றிலிருந்து அவளுக்குக் குரலே இல்லை.

உள்ளே கேட்பது தெளிவான குரல்.

எழுந்து கதவைத் தள்ளினேன். இருட்டு. ஈரச் சுவரின் வாசனையோடு, ஊசி போடுவதற்கு முன் தோலில் தேய்ப்பார்களே, அந்த ஸ்பிரிட் வாசனை குப்பென்று அடித்தது. குரல் நின்றுவிட்டது. விளக்கைப் போட்டேன். யாரும் இல்லை. அவள் மல்லாந்து படுத்திருந்தாள். வாய் லேசாகத் திறந்திருந்தது.

"இந்தாம்மா," என்று தோளைத் தொட்டேன். அசைவில்லை. உலுக்கினேன். தலை ஒரு பக்கம் சரிந்து, சரிந்த இடத்திலேயே கிடந்தது.

போனை எடுத்து, கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு மூச்சை எண்ணினேன். ஒரு நிமிடத்துக்கு எட்டு.

கூடத்துக்கு ஓடி சிரப் பாட்டிலை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்தேன். லேபிளின் ஓரத்தில் எறும்பு ஊர்ந்த மாதிரி எழுத்து. தூக்க மாத்திரை சாப்பிடுகிறவர்கள் டாக்டரைக் கேட்காமல் இதைச் சாப்பிடக் கூடாது. மூன்று நாளாக என் கையிலேயே இருந்த பாட்டில். ஒருமுறைகூடத் திருப்பிப் பார்க்கவில்லை நான்.

மறுபடி அவள் பக்கத்தில் வந்து முழங்காலிட்டேன். ஆம்புலன்ஸ் எண்ணை அழுத்தப் போனேன். விரல் தயங்கியது.

அழுத்தினால் எடுக்கப்போவது அவள் கூட வேலை செய்கிறவர்கள். விலாசம், பெயர், என்ன சாப்பிட்டாள், எல்லாம் பதிவாகும். எட்டு வருட வேலை. அதைவிட, கொடுத்தது யார் என்று கேட்பார்கள். நான் என்ன சொல்ல?

"இன்னும் ஒரு நிமிஷம் பாக்கலாம்."

அது நான் நினைத்தது என்றுதான் முதலில் நினைத்தேன்.

இல்லை. கட்டிலின் அந்தப் பக்கத்திலிருந்து வந்தது. சொந்த அக்கா சொல்கிற மாதிரி அவ்வளவு பரிவாக.

"தூங்குறா. அவ்வளவுதான். எண்ணிக்கிட்டே இருந்தாப் போதும்."

விளக்கு எப்போது அணைந்தது என்று தெரியவில்லை. அணைத்தது நானாகக்கூட இருக்கலாம். யாரிடமும் சொல்லாத ஒன்றை இங்கே சொல்கிறேன். எனக்குப் பயமே இல்லை. அந்தக் குரல் சொன்னது சரி என்று பட்டது. தரையில் உட்கார்ந்து, அவள் கையைப் பிடித்துக்கொண்டு, அந்தக் குரலோடு சேர்ந்து நானும் எண்ணினேன்.

"ஏழு."

"இன்னும் ஒரு நிமிஷம்."

"ஏழு."

"பாத்தீங்களா, குறையல. இன்னும் ஒரு நிமிஷம்."

இப்படி நான்கு முறை போயிருக்கும் என்று நினைத்தேன். கையிலிருந்த போன் வெளிச்சம் போட்டது. மணி பன்னிரண்டு இருபது.

நான் உட்கார்ந்து அரை மணி நேரத்துக்கு மேல் ஆகியிருந்தது.

அந்த வெளிச்சத்தில் அவள் உதட்டைப் பார்த்தேன். நாவல்பழம் தின்ற மாதிரி இருந்தது.

"நாலு," என்றது குரல்.

அவள் நெஞ்சு ஏறி இறங்கியது. நான் காத்திருந்தேன். அவள் நெஞ்சு அசையவில்லை.

"அஞ்சு," என்றது குரல்.

மூச்சு வரவில்லை. நெஞ்சிலேயே கண்ணை வைத்திருந்தேன், வரவில்லை.

"ஆறு."

இருபது வருடமாக மீட்டரையும் மெஷினையும் பார்த்தே பிழைக்கிறவன் நான். நின்றுபோன லிஃப்டை ஓடுகிறது என்று காட்டும் பொய் முள்ளைக் கண்டால் உடம்பே விறைத்துக்கொள்ளும். அப்படி விறைத்தது. அது அவள் மூச்சை எண்ணவில்லை. எண்ண ஆசைப்பட்டதை எண்ணிக்கொண்டிருந்தது.

எண்ணை அழுத்தினேன்.

இரண்டாவது மணியில் எடுத்தார்கள். விலாசத்தைச் சொன்னேன். எதிர்முனையில் அதைத் தட்டச்சு செய்யும் சத்தம் கேட்டது. பிறகு, "அவ வீடா?" என்று மெதுவாகக் கேட்டது அந்தப் பெண் குரல். என் மனைவி அடிக்கடி சொல்லும் பக்கத்து சீட்டுக்காரி. நான் எல்லாவற்றையும் கொட்டினேன். மாத்திரை, சிரப், எத்தனை மூடி, எப்போது. எதையும் மறைக்கவில்லை.

"வண்டி கிளம்பியாச்சு. அவள ஒருக்களிச்சுப் படுக்க வைங்க. தலைய லேசா பின்னால சாய்ங்க. கன்னத்துல தட்டி, பேரச் சொல்லிக் கூப்பிட்டுக்கிட்டே இருங்க. மூச்சு வர்றப்பெல்லாம் என்கிட்ட 'இப்ப'ன்னு சொல்லுங்க. வரலன்னா வரலன்னு சொல்லுங்க. பொய் சொல்லாதீங்க."

திருப்பிப் படுக்க வைத்தேன். தொண்டையில் ஏதோ கரகரத்து, இழுத்துக்கொண்டு ஒரு மூச்சு வந்தது.

"இப்ப," என்றேன்.

நீண்ட நேரம்.

"இப்ப."

"நல்லது. விடாதீங்க," என்றாள் அவள். பிறகு அலுவலகக் குரலில், கொஞ்சம் எரிச்சலோடு சொன்னாள். "பக்கத்துல சத்தமா எண்ணிட்டிருக்காங்களே, அவங்கள நிறுத்தச் சொல்லுங்க. தப்புத் தப்பா எண்ணுறாங்க."

நான் கட்டிலின் அந்தப் பக்கம் திரும்பவில்லை.

என் காதுக்கு அப்போது எதுவுமே கேட்கவில்லை.

வண்டி வந்தது. இரண்டு பேர் நான்கு மாடி ஏறி வந்து, பலூன் மாதிரிப் பை வைத்த முகமூடியை அவள் முகத்தில் பொருத்தி, பையை அமுக்கி மூச்சைத் தள்ளி, துணி ஸ்ட்ரெச்சரில் படிக்கட்டு வழியே இறக்கினார்கள். அந்தக் கட்டடத்தில் லிஃப்ட் இல்லாததை அன்றைக்கு நான் சபித்த மாதிரி யாரும் சபித்திருக்க முடியாது.

மறுநாள் மதியம் கண் விழித்தாள். டியூட்டி டாக்டர் சின்னப் பெண். என்னைத் தனியே கூப்பிட்டு, திட்டாமல், களைப்போடு சொன்னார்.

"இந்தச் சளி மருந்துல தூக்கம் வர வைக்கற சரக்கு இருக்கு. இருமல அடக்கற மருந்தும் சேர்ந்தது. தூக்க மாத்திரையும் அதே வேலையத்தான் செய்யும். ரெண்டும் ஒண்ணா இறங்குனா, மூச்சு விடணும்ங்கறதையே மூளை மறந்துடும். கடைல கேட்டிருப்பாங்களே, வேற என்ன சாப்பிடுறாங்கன்னு?"

"கேட்டாங்க," என்றேன்.

வேலை போகவில்லை. பக்கத்து சீட்டுக்காரி மேலதிகாரியிடம் பேசி அவளைப் பகல் ஷிஃப்டுக்கு மாற்ற வைத்தாள். கேட்டிருந்தால் முன்பே மாற்றியிருப்பார்களாம். தூக்க மாத்திரையை டாக்டரே கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்து நிறுத்தினார்.

அவளைக் கூட்டி வருவதற்கு முன் துணிமணி எடுக்க வீட்டுக்குப் போனேன். மூன்றாம் மாடி டைலர் கதவைத் திறந்துவைத்துத் தைத்துக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் மெஷினை நிறுத்தினார்.

"வீட்ல எப்படி இருக்காங்க?"

"பொழச்சுட்டா."

அவர் நூலை அறுத்துவிட்டு, என் முகத்தைப் பார்க்காமல் கேட்டார். "எண்ணுனாங்களா?"

நான் வாசலைத் தாண்டி உள்ளே போனேன். அவர் ஸ்டூலை நகர்த்திப் போட்டார்.

அந்த வீட்டில் முன்பு இரண்டு சகோதரிகள் இருந்தார்களாம். அக்கா வீடு வீடாகப் போய் நோயாளிகளைப் பார்த்துக்கொள்ளும் நர்ஸ். தங்கைக்குத் தூக்கம் வராத வியாதி, அதற்கு மாத்திரை. ஒருநாள் தங்கைக்குச் சளி. இரண்டு ஷிஃப்ட் சேர்த்துப் பார்த்துவிட்டு வந்த அக்கா, அரைத் தூக்கத்தில் தன் கையாலேயே சளி மருந்தை ஊற்றிக் கொடுத்திருக்கிறாள். கொடுத்த பிறகுதான் உறைத்திருக்கிறது.

"நர்ஸ் இல்லையா, அவங்களுக்குத் தெரியும். உடனே கூப்பிட்டிருக்கணும். வெளிய தெரிஞ்சா இனி யாரும் வேலைக்குக் கூப்பிடமாட்டாங்கன்னு பயம். கொஞ்ச நேரம் பாக்கலாம், தானா சரியாயிடும்னு பக்கத்துல உக்காந்து எண்ணியிருக்காங்க. காலைலருந்து சாயங்காலம் வரைக்கும்." டைலர் குரலைத் தாழ்த்தினார். "என் வீட்டுக்காரிகிட்ட ஒரே ஒரு தடவ சொன்னாங்களாம். 'மதியத்துக்கு மேல மூச்சு இல்லக்கா. ஆனா நான் எண்ணிட்டுத்தான் இருந்தேன்'னு."

"அப்புறம்?"

"அப்புறம் ஒரு வருஷம் அங்கேயே இருந்தாங்க. தூங்கவே இல்ல. பகல்ல எங்களுக்குக் கூரை வழியா எண்ணுற சத்தம் கேக்கும். ஒருநாள் கேக்கல. போய்ப் பாத்தோம். உக்காந்த மேனிக்கே போயிருந்தாங்க. கண்ணு திறந்தபடி."

இதையெல்லாம் முன்பே சொல்லியிருக்கக் கூடாதா என்று கேட்டேன். "சொன்னா நம்பியிருப்பீங்களா?" என்றார். நம்பியிருக்கமாட்டேன்.

அந்த வாரமே வீட்டை மாற்றினோம். நகரத்தின் மறுகோடியில், முதல் மாடி. எல்லா அறையிலும் வெயில் விழும் வீடு. எட்டு மாதம் எந்தத் தொந்தரவும் இல்லை. அவள் இரவில் தூங்கினாள், காலையில் வேலைக்குப் போனாள். தூங்காமல் கிடந்தது நான்தான். அவள் மூச்சு கேட்கிறதா என்று இரவில் பத்து முறை விழித்துப் பார்ப்பேன். ஆனால் எண்ணமாட்டேன். எண்ணக் கூடாது என்று வைத்திருந்தேன்.

போன மாதம் எனக்குச் சளி பிடித்தது. மருந்துக்கடையில் அவர்கள் கேட்பதற்கு முன்பே எல்லாவற்றையும் ஒப்பித்தேன். வேறு மாத்திரை கிடையாது, குடி கிடையாது, மதியம் படுக்கப் போகிறேன், உயரத்தில் ஏறும் வேலை. கடைக்காரர் சிரித்துக்கொண்டு, தூக்கம் வராத வகையாகப் பார்த்து, காய்ச்சல் மாத்திரையும் மூக்குக்கு உப்புத்தண்ணீர்ச் சொட்டும் மட்டும் கொடுத்தார். வீட்டுக்கு வந்து ஒரே ஒரு மாத்திரை போட்டுக்கொண்டேன். மனைவி வேலைக்குப் போயிருந்தாள். கதவை உள்ளே தாழிட்டுவிட்டுப் படுத்தேன். பல மாதத்துக் கண்விழிப்பு. அடித்துப் போட்ட மாதிரித் தூங்கினேன்.

யாரோ கன்னத்தில் தட்டினார்கள்.

கண் திறந்தால் இரண்டு ஆம்புலன்ஸ்காரர்கள். ஒருவர் என் விரலில் கிளிப் மாட்டியிருந்தார். இன்னொருவர் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"மூச்சு பதினாறு. ஆக்ஸிஜன் நல்லா இருக்கு. என்ன சார் சாப்பிட்டீங்க?"

காய்ச்சல் மாத்திரை என்றேன். அட்டையைக் காட்டினேன். இரண்டு பேரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள்.

"ஒண்ணும் இல்ல சார், நல்லா இருக்கீங்க. கூப்பிட்டவங்க பயந்துட்டாங்க போல. இந்தத் தடவ ஒரு நிமிஷம்கூட காத்திருக்க மாட்டேன், உடனே வாங்கன்னு போன்ல ஒரே அழுகை."

நான் எழுந்து உட்கார்ந்தேன். "உள்ள எப்படி வந்தீங்க?"

"அவங்கதானே கதவத் திறந்து விட்டாங்க."

பையை மூடிக்கொண்டு எழுந்தவர், வாசல்வரை போய் நின்றார். என் தலைமாட்டுக்கு அந்தப் பக்கம், சுவரோரமாக ஒருமுறை பார்த்தார். பிறகு திரும்பி வந்து என் பக்கம் குனிந்து, அவளுக்குக் கேட்டுவிடக் கூடாது என்பதுபோல மெதுவாகச் சொன்னார்.

"முதல்ல அந்த அக்காவத் தூங்கச் சொல்லுங்க சார். பாத்தா தூங்கி வருஷக்கணக்கா ஆன மாதிரி இருக்காங்க."